தற்போதுள்ள நிலை

ஜனவரி 20, 2014

துறையின் பொன்விழா மலருக்கு நான் கட்டுரை எழுத வேண்டுமாம். துறைத்தலைவர் சந்தானம் சார் அழைத்துச் சொன்னார். 'கட்டடக்கலைக் கல்வி வளர்ந்த கதை' என்று தலைப்பையும் அவரே வைத்துவிட்டார்.

"பெரிய கோயில்ல ஆரம்பிங்க மேடம். சிற்ப சாஸ்திரம், ஸ்தபதிகள், அப்படியே நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு வந்துடுங்க."

நடுவில் தொள்ளாயிரம் வருஷம் வண்டி எங்கும் நிற்காதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இந்தக் கல்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். வெள்ளைக்கார அரசாங்கத்துக்குக் கட்டட வரைவாளர்கள் தேவைப்பட்டார்கள். கோடு நேராகப் போட்டால் போதும், யோசிக்க வேண்டியதில்லை என்ற நிபந்தனையோடு வகுப்பு தொடங்கினார்கள். பிறகு நம் ஆட்கள் சிலர் யோசிக்கவும் ஆசைப்பட்டு இலண்டன் கட்டடக்கலைஞர் சங்கத்தின் தேர்வுகளை எழுதினார்கள். அந்தத் தேர்வில் தேறியவர்கள் திரும்பி வந்து, அதே தேர்வுக்குரிய பாடத்தை நமக்கு நடத்தினார்கள். எங்கள் துறை பிறந்தது அப்படித்தான். பெரிய கோயிலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு, வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுலாப் பேருந்தில் போய் அதை அளந்துவிட்டு வருவது மட்டும்தான்.

ஏப்ரல் இறுதிக்குள் தருவதாகச் சொன்னேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது.

பிப்ரவரி 8

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அளவை வரைதல், பழைய கட்டடம் ஒன்றை அளந்து படமாக்கும் பயிற்சி. இந்த ஆண்டு மண்ணடியில், ஒரு சந்துக்குள் இருக்கும் பழைய செட்டியார் வீடு. குடும்பம் எப்போதோ அடையாறுக்குப் போய்விட்டது. மகன் முரளீதரன் அனுமதி தந்தார். "ஒரு காப்பி மட்டும் எனக்குக் குடுத்துடுங்க மேடம்" என்றார். எல்லா வீட்டுக்காரர்களும் கேட்பதுதான்.

அருமையான வீடு. வாசலில் நின்றால் முதல் முற்றம், அதன் தூண்கள், அதற்கப்பால் இரண்டாம் முற்றம், பின்சுவர் வரை பார்வை ஒரே நேர்கோட்டில் போக வேண்டும். போகவில்லை. இரண்டாம் முற்றத்தை அடைத்துக்கொண்டு செங்கல் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக இரண்டு அறை, ஒரு அடுப்படி, ஒரு கழிப்பறை. ரமீசா என்ற பெண் அங்கே குடியிருக்கிறார். கணவர் இல்லை. மாமியாரும், பிளஸ் டூ படிக்கும் மகள் நஸ்ரினும். கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கவர் ஒட்டிக் கொடுக்கிறார்கள். அறை முழுக்க யாருடைய திருமணத்துக்கோ உரிய மஞ்சள் கவர்கள். முன்கட்டில் ஒரு அச்சுக்கூடக் கிடங்கு மட்டும்தான்.

மாமியார் என்னிடம், "கவர்மென்ட்டுல இருந்தா வர்றீங்க?" என்றார்.

"இல்லம்மா, காலேஜ்."

"அப்ப ஒண்ணும் நடக்காது" என்று மறுபடி பசை தடவத் தொடங்கினார்.

ரமீசா டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு வீடு முழுக்க நடந்தார். "எங்க ரூமு எத்தன அடின்னு சொல்லிட்டுப் போங்கப்பா, எங்க மாமனாரு கட்டினது, அவருக்கே தெரியாது" என்று சிரித்தார். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். நானும் குடித்தேன். ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்.

மார்ச் 3

வரைபடங்களைத் திருத்தும் நாள். நித்திலாதான் இந்த வகுப்பில் கை சுத்தமான பெண். ட்ரேசிங் தாளில் அவள் மை போட்டால் கோடு மூச்சு விடுவது தெரியும். தளவரைபடத்தை விரித்தாள். பின்பக்கம் முழுக்க ஏதோ நெருக்கடி.

"இது என்ன?"

"ரமீசாக்கா வீடு மேம்."

"வீடா? இது முற்றம்."

"முற்றம்தான் மேம். ஆனா அதுல அவங்க இருக்காங்களே."

பிற்சேர்க்கைகளை நாங்கள் வரைவதில்லை. கட்டடத்தின் மூல வடிவம்தான் பாடம். இதை முதல் ஆண்டிலேயே சொல்லித் தந்திருக்கிறோம். எடுத்துவிடு என்றேன்.

"புள்ளிக்கோடாவாவது போடட்டுமா மேம்?"

"வேண்டாம். வாசல்ல இருந்து பின்சுவர் வரைக்கும் ஒரே கோடு, அதுதான் இந்த வீடு. இது நடுவுல கிடக்கு."

அவள் விரலைத் தாளின் கீழ் ஓரத்துக்கு நகர்த்தினாள். "கீழ தலைப்புக் கட்டத்துல 'தற்போதுள்ள நிலை'ன்னு அச்சடிச்சிருக்கே மேம்?"

"அது எல்லா ஷீட்லயும் இருக்கறதுதான் நித்திலா."

பாதி பிளேடை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். மையைச் சுரண்டி எடுக்க நேரம் ஆகும். நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 27

நித்திலாவின் குழுவுக்கு அகில இந்திய அளவில் ஆவணப்படுத்தல் பரிசு. நடுவர்கள் குறிப்பில் "தெளிவு" என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. சந்தானம் சார் மைசூர்பாகு வாங்கி வரச் சொன்னார். மலரின் அட்டைப்படம் இந்தத் தளவரைபடம்தான் என்று முடிவாயிற்று.

எனக்கும் மகிழ்ச்சிதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 16

முரளீதரன் வந்து வரைபடத்தின் படியை வாங்கிக்கொண்டு போனார். கல்லூரி முத்திரையும் என் கையெழுத்தும் வேண்டும் என்றார். சந்தானம் சார், "போட்டுக் குடுத்துடுங்க, அவர் வீடுதானே" என்றார். போட்டேன். கட்டுரையில் ஒரு வரிகூட நகரவில்லை. வெயில்.

மே 9

கட்டுரைக்காகப் பழைய வரைபட அறையில் மூன்று நாளாகத் தூசி தின்கிறேன். இன்று பலன் கிடைத்தது. எங்கள் துறைக்கு முன்பு இதே வளாகத்தில் நடந்த வரைவாளர் வகுப்பின் தாள் ஒன்று, 1931. ஒரு கோயில் மண்டபத்தின் அளவை. வரைந்தது சாமிக்கண்ணு என்ற மாணவர். மண்டபத் தூண்களுக்கிடையே அவர் நாலைந்து கடைகளை மெல்லிய பென்சிலில் குறித்திருக்கிறார். ஒன்றில் வளையல் என்றும் எழுதியிருக்கிறார். அவற்றின் மேல் வேறொரு கை, தடித்த பென்சிலில் குறுக்குக் கோடு இழுத்து, ஓரத்தில் ஆங்கிலத்தில் 'விட்டுவிடு' என்று எழுதியிருக்கிறது. ஆசிரியர் ஏதோ ஒரு துரையாக இருக்க வேண்டும். மையிட்ட இறுதிப் படத்தில் கடைகள் இல்லை. மண்டபம் யாருமே வராத இடம்போல் நிற்கிறது.

கட்டுரைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். 'காலனியக் கண் கட்டடத்தைப் பார்த்தது. அதில் வாழ்ந்தவர்களைப் பார்க்க மறுத்தது. நம் கல்வியின் முதல் பாடம் பார்ப்பது அன்று, விட்டுவிடுவது.' நெடுநாளைக்குப் பிறகு என் வாக்கியம் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது.

மே 30

கட்டுரை முடிந்தது. சந்தானம் சார் படித்துவிட்டு, "துரையப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டீங்க" என்றார். சோழர்கள் ஒரு பத்தியாவது வேண்டும் என்கிறார். போட்டுக்கொள்ளட்டும்.

ஜூலை 2

இன்று மதியம் ரமீசா கல்லூரிக்கு வந்தார். எனக்கு முதலில் ஆளே தெரியவில்லை. மகளும் கூட வந்திருந்தாள். காப்பி சொல்லட்டுமா என்றேன். "நோன்பு, டீச்சர்" என்றார். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்காரவில்லை.

மண்டல அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பின்முற்றத்தில் அனுமதி இல்லாமல் புதிதாகக் கட்டியிருப்பதாக வீட்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். பிப்ரவரியில் அங்கே வெற்றிடம்தான் இருந்தது, கல்லூரிக்காரர்கள் அளந்து வரைந்த படம் சாட்சி என்று எங்கள் படத்தை இணைத்திருக்கிறார். அதற்குப் பிறகு கட்டியது என்றால் இடித்துவிடலாமாம்.

"டீச்சர், உங்க புள்ளைங்க எங்க வீட்டுலதான உக்காந்து டீ குடிச்சாங்க. படத்துல எங்க வீடே இல்லயாமே? அங்க இருந்த ஆபீசர் காட்டினாரு. நல்லா பாத்தேன். தூணெல்லாம் இருக்கு, கெணறு இருக்கு, நாங்க இல்ல."

விளக்கினேன். அளவை வரைதலில் மூல வடிவம் என்று ஒன்று உண்டு, பின்னால் சேர்ந்தவற்றை விட்டுவிடுவது மரபு, இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அவர் பொறுமையாகக் கேட்டார். நான் பேசப் பேச என் குரல் வகுப்பறைக் குரலாக மாறுவது எனக்கே கேட்டது.

ரேஷன் கார்டு இருக்கிறதா என்றேன். மகள்தான் பதில் சொன்னாள். "இருக்கு மேம். அதுல கதவு நம்பர் இருக்கு. பின்பக்கம்னு போடல. கரன்ட்டும் முன்பக்கத்து மீட்டர்ல இருந்துதான். வாடகைக்கு ரசீதே கிடையாது. அச்சாபீஸ்காரங்க, எங்களுக்கு எதுக்கு வம்புன்றாங்க."

"எட்டாந்தேதி விசாரணை" என்றார் ரமீசா. "நீங்க வந்து, அப்பவே இருந்துச்சின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும் டீச்சர். உங்க கையெழுத்துதான அதுல?"

வருகிறேன் என்றேன்.

ஜூலை 3

சந்தானம் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"போய் என்ன சொல்லுவீங்க? படம் தப்புன்னா?"

"தப்பில்ல சார். முழுசா இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். 'தற்போதுள்ள நிலை'ன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கோம். பரிசு வாங்கியிருக்கோம். அட்டையில வேற அச்சாகிடுச்சு. பத்தொம்பதாந்தேதி துணைவேந்தர் வர்றாரு. நான் போகாதீங்கன்னு சொல்லல. விழா முடியட்டும்னு சொல்றேன். இந்த மாதிரி விசாரணையெல்லாம் ஒரே நாள்ல முடியுமா? நாலு தடவ தள்ளிப் போடுவாங்க."

அது உண்மைதான். நம் ஊரில் எதுவும் ஒரே நாளில் முடிவதில்லை.

ஜூலை 7

நாளை காலை பத்து மணிக்கு. புடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 8

காலையில் எழும்போது காய்ச்சல் வருவதுபோல் இருந்தது. கல்லூரிக்கு விடுப்புச் சொன்னேன். மண்ணடிப் பக்கம் இந்த உடம்போடு போய் வரிசையில் நிற்பது சரிப்படாது. ரமீசாவின் எண்ணிலிருந்து இருமுறை அழைப்பு. தொண்டை கட்டியிருந்ததால் எடுக்கவில்லை; காய்ச்சல் என்று குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினேன்.

பரண் சுத்தம் செய்தேன். பழைய எவர்சில்வர் பாத்திரங்களைத் துலக்கிப் பேரீச்சம்பழக்காரனிடம் போட்டேன். சாயங்காலம் கறிவேப்பிலையும் சேப்பங்கிழங்கும் வாங்கி வந்தேன். கிழங்கு நன்றாக வறுபட்டது.

ஜூலை 9

நித்திலா நேற்று விசாரணைக்குப் போயிருக்கிறாள். தானாகவே. இன்று என் அறை வாசலில் நின்று சொன்னாள், உள்ளே வரவில்லை.

"நான்தான் வரைஞ்சேன், நான்தான் சுரண்டி எடுத்தேன்னு சொன்னேன் மேம். ஸ்டூடன்ட் சொல்றத எடுத்துக்க முடியாது, கையெழுத்துப் போட்டவங்கள வரச்சொல்லுன்னாங்க."

"எனக்கு உடம்பு சரியில்ல."

"ஆமா மேம். ரமீசாக்கா அதத்தான் சொன்னாங்க. பாவம், என்ன ஆச்சோன்னு."

ஜூலை 11

அந்தத் துரையை நான் கட்டுரையில் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று எடுத்துப் படித்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. நித்திலாவிடம் எடுத்துவிடச் சொன்னது எந்தத் துரையும் இல்லை. அந்த ஆளாவது சாமிக்கண்ணு குறித்த கடைகளைத் தன் கையால் அடித்தார். நான் அந்தப் பெண்ணைக் கொண்டே சுரண்டவைத்தேன்.

அச்சகத்துக்குப் போன் செய்து கட்டுரையை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். பைண்டிங் ஆகிவிட்டதாம்.

ஜூலை 15

இடித்துவிட்டார்கள். விசாரணையை ஒருமுறைகூடத் தள்ளிப்போடவில்லை. நித்திலா குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். வேறு எதுவும் எழுதவில்லை.

ஜூலை 19

பொன்விழா. நானூறு பேர் இருக்கலாம். துணைவேந்தர் மலரை வெளியிட்டு, அட்டையை அவையை நோக்கித் தூக்கிக் காட்டினார். "என்ன ஒரு தெளிவு!" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மேடையில் இருப்பவர் தட்டாமல் இருக்க முடியாது.

ஐந்து நிமிடம் பேசினேன். 1931ஆம் ஆண்டுத் தாளைத் திரையில் காட்டினேன். 'விட்டுவிடு' என்ற சொல் வந்ததும் அவையில் ஒரு முணுமுணுப்பு. வெள்ளைக்காரன்மீது எல்லோருக்கும் கோபம் வந்தது. நல்ல பேச்சு என்று முதல் வரிசையில் இருந்தவர்கள் பிறகு வந்து சொன்னார்கள்.

நித்திலா வரவில்லை.

சாப்பாட்டில் பால் பாயசம்.

ஆகஸ்ட் 2

இன்று போனேன். பெருநாள் முடியட்டும் என்று காத்திருந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முன்கட்டு வாசல் திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் தூண்கள், அதற்கப்பால் வெளிச்சம், அதற்கப்பால் பின்சுவர். பார்வை ஒரே நேர்கோட்டில் போயிற்று. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அழகாக இருக்கிறது என்று என் மனதில் பட்டது. அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்த நாட்குறிப்பும் அந்தப் படத்தைப் போலத்தான்.

தரையில் ஒரு பக்கம் சிவப்பு சிமென்ட், ஒரு பக்கம் கருங்கல். அடுப்புப் புகை ஏறிய சுவரில் அலமாரி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. மழையில் நனைந்து ஊறிய மஞ்சள் கவர்கள் ஓரமாகக் குவிந்து கிடந்தன.

ராயபுரத்தில் நாத்தனார் வீட்டில் இருக்கிறார்கள் என்று அச்சுக்கூடத்தில் சொன்னார்கள். விலாசம் கேட்டு நடந்தேன். ரமீசா கதவைத் திறந்தார். நோன்பு முடிந்தும் முகம் வற்றித்தான் இருந்தது. "உடம்பு இப்ப தேவலயா டீச்சர்?" என்று கேட்டார். குத்திக் காட்டுகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். உண்மையாகத்தான் கேட்டார்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன்" என்றேன்.

மாமியார் உள்ளே கட்டிலிலிருந்து, "ரமீசா, அந்தம்மாவுக்குத் தண்ணி குடு, வேற ஒண்ணும் குடுக்காத" என்றார். தண்ணீர் குடித்தேன்.

ஆகஸ்ட் 6

ரமீசாவுக்கு இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார். ஞானசுந்தரி. என்னைவிடச் சின்னவர், வேகமாகப் பேசுகிறார். சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார்கள். இடித்த இடத்தை மறுபடி கட்டித் தர வேண்டும், அல்லது அதே வீட்டில் வேறு இடம் தர வேண்டும்.

"மேடம், இடிச்சதுல என்ன இருந்துச்சுன்னு கோர்ட்டுக்குக் காட்டணும். எத்தன ரூம், என்ன அளவு. இப்ப அங்க ஒண்ணும் இல்ல. நீங்க வரைஞ்சு தர முடியுமா?"

பழைய அளவைக் குறிப்புகளைத் தேடினேன். இறுதி ஷீட்டை ஒப்படைத்ததும் அவற்றைப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். போட்டுவிட்டிருக்கிறார்கள்.

நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். தூண்களின் தலைப்பில் என்ன செதுக்கல் என்று இப்போதும் சொல்வேன். ரமீசா வீட்டின் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10

நித்திலாவிடம் கேட்டேன். உத்தரவாக இல்லை, வருவாயா என்றுதான். "வர்றேன் மேம். உங்களுக்காக இல்ல" என்றாள். சரி என்றேன்.

வக்கீல், ரமீசா, நஸ்ரின், நித்திலா, நான். வெற்று முற்றத்தில் நின்றோம். முரளீதரன் ஒரு ஆளை அனுப்பியிருந்தார். அவன் தூணில் சாய்ந்து கைபேசியில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

தரையில் சுவர் இருந்த தடம் சில இடங்களில் தெரிந்தது. தெரியாத இடங்களில் ரமீசாதான் நடந்து காட்டினார். "இங்கன கதவு. கதவத் தொறந்தா தையல் மிஷினு இடிக்கும், அதனால பாதிதான் தொறக்கும். இது நஸ்ரின் படிக்கிற எடம். மாமி கட்டில் இப்பிடி." காற்றில் கையால் கட்டில் போட்டார். நித்திலா சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். நான் டேப் பிடித்தேன். கட்டிலைச் சுற்றி நடக்க இடமே இல்லை என்பது கோடு போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கழிப்பறைக்கு வந்தோம். மூன்றடிக்கு நாலடி.

"டீச்சர், அத கொஞ்சம் பெருசா போட்டுக்குங்களேன். உள்ள போனா திரும்ப முடியாது. அப்பிடியே கட்டிக் குடுத்துட்டாங்கன்னா?"

"அளவ மாத்தக் கூடாது ரமீசா. இருந்தத இருந்தபடிதான் போடணும்."

அவர் என்னைப் பார்த்தார். "இருந்தத இல்லன்னு போட்டப்ப ஒத்துக்கிட்டாங்க. இல்லாத ஒரு அடியச் சேத்தா மட்டும் குத்தமா?"

நஸ்ரின் சிரித்துவிட்டாள். வக்கீலும். நித்திலா தலை குனிந்து கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். நான் மூன்றடிக்கு நாலடி என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 14

படத்தை நானே வரைந்தேன். மாணவர் யாரையும் விடவில்லை. கை முன்போல் இல்லை. மை இரண்டு இடத்தில் கசிந்தது. தலைப்புக் கட்டம் அச்சடித்த தாளை எடுக்காமல் வெறும் தாளில் எழுதினேன்: 'பிப்ரவரி மாதம் இருந்த நிலை. அப்போது வரைந்த படத்தில் என் சொற்படி நீக்கப்பட்டது.' கையெழுத்திட்டேன்.

பரிசு கொடுத்தவர்களுக்கும் எழுதிவிட்டேன். சந்தானம் சாருக்கு ஒரு நகல். இன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. மாலையில் வண்டி நிறுத்துமிடத்தில் மட்டும், "துரைமேல காட்டின கோபத்துல பாதிய அன்னிக்கு என்மேல காட்டியிருந்தா, இடிக்கறதத் தடுத்திருப்பீங்க" என்றார். அவர் சொன்னதில் என்ன நியாயம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் இருக்கிறது.

செப்டம்பர் 18

நீதிமன்றம். நான் இதுவரை கூண்டில் ஏறியதில்லை. வகுப்பில் மேடைமேல் நிற்பதற்கும் இதற்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

முரளீதரனின் வக்கீல் வயதானவர், மிக மரியாதையாகப் பேசினார். இரண்டு படங்களையும் நீட்டினார்.

"அம்மா, இதுல இருக்கறது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"இதுல?"

"அதுவும்."

"ஒரே இடம். ஒரே மாசத்து நிலைன்னு ரெண்டுலயும் சொல்றீங்க. எது பொய்?"

"முதல்ல போட்டது."

"அப்ப நீங்க பொய்யான படத்துக்குக் கையெழுத்துப் போடக்கூடியவங்க. ரெண்டாவதும் அப்படி இல்லன்னு இந்தக் கோர்ட்டு எப்படி நம்பறது?"

மூல வடிவம், பிற்சேர்க்கை, கல்வி மரபு என்று தொடங்கினேன். இது நூறு வருஷமாக இருக்கும் வழக்கம், வெள்ளைக்காரர் காலத்திலேயே என்றுகூட வாய் வரை வந்துவிட்டது. நீதிபதி கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் வேண்டாம்மா. இவங்க அங்க குடியிருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க வீட்டுல டீ குடிச்சேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அப்புறம் ஏன் படத்துல காட்டல?"

இத்தனை மாதமும் இந்தக் கேள்விக்கு எத்தனையோ விதமாகப் பதில் எழுதிப் பார்த்திருக்கிறேன். கூண்டில் எல்லாம் மறந்துவிட்டது. மீதி இருந்தது ஒன்றுதான்.

"பாக்க அழகா இல்லன்னு."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்தி, திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன்.

தீர்ப்பு வரும்வரை அந்த முற்றத்தில் யாரும் எதுவும் கட்டக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். என் சாட்சியை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதைப் பிறகு பார்ப்பாராம். அடுத்த வாய்தா அக்டோபர் முப்பது. அதுவரை ரமீசா ராயபுரத்தில்தான். "சாட்சி எடுபட்டுடும்னு சொல்ல முடியாது" என்றார் ஞானசுந்தரி. "ஜூலையிலயே வந்திருந்தீங்கன்னா இந்தக் கேஸே இல்ல மேடம்." கோப்புகளை அடுக்கிக்கொண்டே, கோபம் இல்லாமல் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் ரமீசாவும் மகளும் நின்றிருந்தார்கள். நானும் அவர்களோடு போய் நின்றேன்.

"அழகா இல்லதான் டீச்சர்" என்றார் ரமீசா. "என்ன கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். மழ பேஞ்சா ஒழுவும், வெயிலுக்கு வேவும். ஆனா இருந்தோம்ல."

"இருந்தீங்க."

"அடுத்த வாய்தாவுக்கும் உங்கள கூப்புடுவாங்களாம். வருவீங்கல்ல?"

"வருவேன்."

ரமீசா தலையாட்டினார். நஸ்ரின் கையை நீட்டினாள். "போனக் குடுங்க மேம்." கொடுத்தேன். அக்டோபர் முப்பதுக்கு, காலை ஏழு மணிக்கு ஒரு அலாரம் வைத்தாள். கொஞ்சம் யோசித்து அதை ஆறரைக்கு மாற்றினாள். பிறகு முந்தின நாளுக்கும் ஒன்று வைத்து, போனை என் கையில் திரும்பக் கொடுத்தாள்.